பெயர் எழுதிய ஆணிகள்

பலகை விழுந்த சத்தத்துக்கு ஒரு பிள்ளைகூட எழுந்திருக்கவில்லை. எபனேசருக்கு முதலில் உறைத்தது அதுதான். கயிறுகள் அதற்கப்புறம்தான் கண்ணில் பட்டன. மத்தியானம் இரண்டு பத்து. பழைய கதவில் பாதியை அறுத்துச் செய்த பலகை, தனியாளாகத் தூக்கினால் இடுப்பு விட்டுப்போகும், அப்படிக் கனம். உப்புக்காற்றில் துருவேறிய கொக்கி விட்டுக்கொடுத்து வராந்தாச் சிமெண்டுத் தரையில் டமார் என்று விழுந்திருக்கிறது. எதிர்வீட்டு நாய் குரைத்தது. கரண்டு கம்பியில் இருந்த காக்கா பறந்தது. உள்ளே பதினோரு பிள்ளைகள் பாயில் கிடந்தபடி கிடந்தன. குக்கர் விசிலுக்கே வீறிட்டு அலறுகிற மாரிச்செல்வி, வாயில் வைத்த கட்டைவிரலைக்கூட அசைக்கவில்லை. இது நல்லதா கெட்டதா என்று அவனுக்குப் புரியவில்லை. நல்லதுதான், எழுந்தால் பதினொன்றையும் ஒற்றை ஆளாக எப்படிச் சமாளிப்பான், மனைவி சுகிர்தாவும் வீட்டில் இல்லை, ஆனால் நல்லதாக இருந்தால் ஏன் முதுகில் ஒரு குளிர் ஓடுகிறது. நிலைப்படியில் நின்றபடி உள்ளே பார்த்தான், வெளியே பார்த்தான். உள்ளே பிள்ளைகள். வெளியே மல்லாந்து கிடக்கும் பலகை, அதைச் சுற்றி, அதன்மேல், செருப்பு விடுகிற மூலைவரை சிதறிக் கிடக்கும் கயிறுகள். கறுப்புக் கயிறு, சிவப்புக் கயிறு, தாயத்து, நாய் உருவம் போட்ட நாய்க்காசு. ஆணிகள் பலகையில் பத்திரமாக இருந்தன. ஆணிக்குக் கீழே சுகிர்தா வெள்ளைப் பெயிண்டில் எழுதிய பெயர்களும் பத்திரமாக இருந்தன. எதற்கு எது என்பது மட்டும் போய்விட்டது. முழுசாகப் போய்விட்டது, அவ்வளவுதான், நாலு மணிக்கு அம்மாக்கள் வந்துவிடுவார்கள், இன்றைக்கென்று விசாரணைக்கு அந்த ஆபீசரும் வந்தாலும் வருவாள்.

இன்றைக்கு என்று பார்த்தா விழ வேண்டும். இரண்டு வருஷம் தொங்கிய பலகை. சபைக்காரர்கள் என்றால் கயிறு தாயத்தெல்லாம் ஆகாது, அது ஊருக்கே தெரியும். இறால் கம்பெனிக்குப் போகிற பெண்களின் பிள்ளைகளைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்கிறோம், நல்ல காரியம், ஆனால் அந்தப் பிள்ளைகள் இடுப்பில் குறிசொல்லுகிற கோடாங்கி மந்திரித்துக் கட்டிய கயிற்றோடு நிலைப்படிக்குள் வரலாமா என்று சபையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேசினார்கள். கடைசியில் சுகிர்தாதான் வழி கண்டுபிடித்தாள். அம்மாக்களே தங்கள் கையால் கழற்றட்டும், வீட்டுக்கு வெளியே ஆணியில் மாட்டட்டும், சாயங்காலம் அவர்களே எடுத்துக் கட்டிக்கொள்ளட்டும், நம் கை படவே வேண்டாம். சேர்க்கும்போது கொடுக்கிற படிவத்தில் ஏழாவது விதியாக அது ஏறியது. வக்கீல் தங்கையா அண்ணாச்சி சபைக்காரர்தான், அவர் வாசகத்தைத் திருத்திக் கொடுத்தார். அதே கயிறு அதே பிள்ளைக்கு அன்றன்றே திரும்பக் கிடைக்கும் என்ற வரியை அவர்தான் சேர்த்தார். எல்லா அம்மாக்களும் கையெழுத்துப் போட்டார்கள். அப்புறம் யாரோ ஒரு புண்ணியவான், மதம் மாற்றுகிறார்கள், பச்சைப்பிள்ளை இடுப்புக் கயிற்றை அறுக்கிறார்கள் என்று கலெக்டர் ஆபீசில் மனுப் போட்டுவிட்டான். போன வாரம் ஆபீசரம்மா வந்து பலகையைப் பார்த்தாள், ஒரு ஆணியை விரலால் தட்டினாள், 'இங்க தொங்குறதுக்கு யாரு பொறுப்பு?' என்றாள். எபனேசர் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி, நாங்கதாம்மா என்று சொல்லிவிட்டார். அவள் போன பிறகு அவனை ஓரமாகக் கூப்பிட்டு, 'கழத்தச் சொல்லுதது நம்ம உரிமை வே. நம்ம வீட்டுக்குள்ள நம்ம மனசாட்சிக்கு ஒவ்வாததை வையின்னு எவனும் சொல்ல முடியாது, சட்டம் நம்ம பக்கம் நிக்கும். ஆனா ஒண்ணு கேட்டுக்கிடும். அந்தக் கயிறு அப்படியே திரும்பிப் போகணும். அது தவறுச்சுன்னா அடுத்தவன் நம்பிக்கையில கை வச்சதா ஆயிரும். அப்புறம் நமக்கும் பாதுகாப்பு கிடையாது ஒரு மண்ணும் கிடையாது. அனுமதியைப் பிடுங்கிட்டு கதவுக்குச் சீல் வச்சிருவா' என்றார். காலையிலேயே சுகிர்தாவும் அவரும் ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குத்தான் போயிருக்கிறார்கள். கடைசியில் கொக்கிக்கு இதெல்லாம் தெரியவா போகிறது. கொக்கி துருப்பிடித்தது, விட்டது. போன மாசமே மாத்தணும் என்று சுகிர்தா சொன்னாள். சொன்னாள்தான்.

இடுக்கியை எடுத்து வந்தான். கயிறு எப்போதாவது ஆணியிலிருந்து நழுவினால் அவன் இடுக்கியால்தான் எடுப்பான், சுடுசட்டியைப் பிடிக்கிற மாதிரி. அம்மாக்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். 'ஏண்ணே, அது என்ன பாம்பா?' என்று மாரிச்செல்வியின் அம்மா கேட்பாள். அவன் சிரிக்க மாட்டான். குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் படியில் வரிசையாக வைத்தான். அல்தாஃபின் தர்காத் தாயத்து பச்சைத் துணியில் தைத்தது, அது தெரியும். டெலிஷாவின் உத்தரியம், மாதா படம் போட்ட காக்கித் துணி, அதுவும் தெரியும். சிவப்புக் கயிறு ஒன்று, நாய்க்காசு கோத்தது ஒன்று, வெள்ளி அரைஞாண் ஒன்று, இவற்றையும் சந்தேகமில்லாமல் சொல்லிவிடலாம். ஐந்து. ஐந்தையும் இடுக்கியாலேயே ஆணியில் மாட்டினான். மீதி ஆறு. ஆறும் கறுப்பு. ஆறிலும் சுண்டுவிரல் நகம் நீளத்துக்குச் செம்புத் தாயத்துக் கூடு, இரண்டு பக்கமும் அரக்கு. ஆறு அம்மாக்களும் ஒரே தெரு, ஒரே கோடாங்கியிடம் போனவர்கள். கழற்ற வசதியாக ஆறு பேரும் ஒரே மாதிரிச் சுருக்கு முடிச்சு போடப் பழகியிருந்தார்கள், ஒருத்தி மற்றவளுக்குச் சொல்லிக் கொடுத்தது. காலையில் ஆறரை மணிக்கு வரிசையில் நின்று கழற்றுவார்கள், ஒவ்வொரு நாளும், இரண்டு வருஷமாக, அவன் பக்கத்திலேயே ரிஜிஸ்டரோடு நிற்பான். நின்று என்ன பிரயோஜனம். அந்த நேரத்தில் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். கடற்கரைப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பான். கண்ணால்கூடப் பார்க்கக்கூடாது என்று வேறு யாரும் சொல்லவில்லை, சபையும் சொல்லவில்லை, சுகிர்தா பார்ப்பாள், பேசிக்கொண்டே பார்ப்பாள். இவன்தான் பார்க்க மாட்டான். பார்த்திருந்தால் இன்றைக்கு எது யாருடையது என்று தெரிந்திருக்கும். பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டபோது வாத்தியார் சொன்னார், உனக்குக் கண்ணு இருக்குடா, பார்க்கத்தான் மாட்டேங்கிற. அந்தாளுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

வெறும் நூல்தானே. இதை அவன் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பான். வெறும் நூல், கறுப்புச் சாயம், உள்ளே ஒரு செம்புத் தகடு, அதில் எவனோ கிறுக்கிய நாலு கோடு. அப்படியென்றால் எது எவனுக்குப் போனால் என்ன? ஆணிக்கு ஒன்றாக மாட்டிவிட்டுப் போய்ச் சோறு தின்னலாம். நம்பாதவனுக்குக் கவலையே இருக்கக் கூடாது. நம்புகிறவன்தான் பயப்பட வேண்டும். இதை அவன் மனசுக்குள் தெளிவாகவே சொல்லிக்கொண்டான், சொல்லிக்கொண்டே இடுக்கியைக் கீழே வைத்தான், ஏன் வைத்தான் என்று தெரியாது, வைத்துவிட்டு ஒரு கயிற்றைக் கையால் எடுத்தான். பத்தொன்பது இருபது வருஷத்துக்கு அப்புறம் முதல்முறை. கை சுட்டது. சுட்டது என்றால் கொதிக்கவில்லை, உடம்புச் சூடு. காலை ஆறரையிலிருந்து நிழலில் தொங்கிய செம்புக்கு உடம்புச் சூடு எப்படி வரும். இரண்டாவதை எடுத்தான், அதுவும் அப்படித்தான். மூன்றாவதும். இப்போதுதான் யாரோ இடுப்பிலிருந்து கழற்றிக் கையில் கொடுத்த மாதிரி. தரை சூடாக இருக்கும், மத்தியானம், தரைச்சூடு ஏறியிருக்கும். உள்ளங்கையால் தரையைத் தொட்டுப் பார்த்தான். வராந்தா வடக்குப் பார்த்தது, வெயிலே விழாது. தரை ஜில்லென்று இருந்தது. சரி, என் கைதான் சூடு என்று நினைத்துக்கொண்டான். அதை நம்பவும் செய்தான், கொஞ்ச நேரம்.

இதில் ஒன்று பிச்சையினுடையது. மற்ற ஐந்து மாறினால்கூட அம்மாக்கள் நாலு வார்த்தை திட்டுவார்கள், சரியாகிவிடும். பிச்சை விஷயம் அப்படியில்லை. அவன் அம்மா முத்துப்பேச்சிக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் ஒரு வயசுக்குள் போய்விட்டன. மூன்றாவது பிறந்ததும் குப்பைமேட்டில் போட்டு, பக்கத்து வீட்டுக்காரி தவிட்டைக் கொடுத்து வாங்கிக்கொண்டதாகப் பாவனை செய்து, மூக்கில் ஓட்டை போட்டு, பிச்சை என்று பேர் வைத்தார்கள். இது எங்க பிள்ளை இல்லை, பிச்சையெடுத்து வந்தது, இதை விட்டுரு என்று யாரையோ ஏமாற்றுவதற்கு. ஊர்ப்பட்ட பிள்ளைகளில் அவனைத்தான் எபனேசருக்குப் பிடிக்கும், வெளியே சொல்ல மாட்டான். இரண்டரை வயசு, பேச்சு இன்னும் சரியாக வரவில்லை, சோற்றுத் தட்டை எடுத்துப்போய் அடுத்த பிள்ளைக்கு ஊட்டுவான். சேர்க்க வந்த அன்றைக்கு முத்துப்பேச்சி ஏழாவது விதியைக் கேட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனாள். நாலு நாளில் திரும்பி வந்தாள். அந்த நாலு நாளும் சேலையால் பிள்ளையின் காலைக் கட்டில் காலோடு கட்டிவிட்டு, வெளியே பூட்டிவிட்டுக் கம்பெனிக்குப் போயிருக்கிறாள். 'கழத்துதேண்ணே. வேற எங்க போவேன், சொல்லுங்க. ஆனா பொழுது சாயறதுக்கு முந்தி அவங்கயிறு அவன் இடுப்புல ஏறிரணும். வேற கயிறு ஏறக்கூடாது. ஏறுச்சுன்னா அதுக்கு அடையாளம் தெரிஞ்சிரும்.' எதுக்கு அடையாளம் தெரியும் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஒருவேளை கேட்காததே நல்லதோ. ஐஸ்தண்ணியில் ஊறி வெளுத்துச் சுருங்கிய விரல்கள், அந்த விரலால் அவள் ஆணியில் மாட்டியபோது கூடு பலகையில் பட்டு டிக் என்றது, அது மட்டும் அவனுக்குக் கேட்டது. முகத்தைத் திருப்பியிருந்தானே.

ஆறையும் கையில் பிடித்தபடி உள்ளே போனான். போன பிறகுதான் உறைத்தது, நிலைப்படியைத் தாண்டிக் கொண்டுவந்துவிட்டோம் என்று. நின்றான். ஒன்றும் ஆகவில்லை. ஆகுமா என்ன. கரண்டு போய் மின்விசிறி நின்றிருந்தது, எப்போது நின்றது தெரியவில்லை, வேர்வை நாற்றமும் பவுடர் வாசனையும் மூத்திர வாடையும் அறையில் அப்படியே நின்றன. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வாசனை. கழுவாத நூல் இரண்டு வருஷமாக ஒரே உடம்பில் கிடந்திருக்கிறது, பிள்ளையின் வாடை அதில் ஏறியிருக்காதா. ஒரு கயிற்றை மூக்கில் வைத்தான். புளித்த பால். இன்னொன்று நல்லெண்ணெய். வெட்கமாகத்தான் இருந்தது, பொய் எதற்கு, மீசை வைத்த ஆம்பளை பாய்க்கும் பாய்க்கும் நடுவில் முட்டிபோட்டு நகர்ந்து தூங்குகிற பிள்ளையின் வயிற்றை மோந்து பார்த்துக்கொண்டு. யாராவது ஜன்னல் வழியாகப் பார்த்தால் என்ன நினைப்பார்கள். நினைக்கட்டும். நல்லெண்ணெய் மாரிச்செல்வியாக இருக்கலாம், அவள் தலையெல்லாம் எண்ணெய்தான். அவள் சட்டையைத் தூக்கினான், இடுப்பில் கயிறு கிடந்த தடம் பள்ளமாக, கொஞ்சம் வெளுத்து, சுற்றிலும் ஓடியது, கயிறு இல்லாத கயிறு மாதிரி. கையிலிருந்ததைத் தடத்தின்மேல் பட்டும் படாமலும் பிடித்துப் பார்த்தான். தடிமன் சரியாக இருந்தது. அடுத்த பிள்ளையிடம் போய் அதே கயிற்றைப் பிடித்தான். அங்கேயும் சரியாக இருந்தது. மூன்றாவது பிள்ளைக்கும். ஆறு பேருக்கும் அது அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. மறுபடி மோந்தான், இப்போது எல்லாக் கயிறும் ஒரே மாதிரி மணத்தது, தன் கைவேர்வைதான் எல்லாவற்றிலும் ஏறிவிட்டது என்று தெரிந்தது, கையால் எடுத்துத் தானே கெடுத்துவிட்டோம் என்று தெரிந்தது. அந்த நேரத்தில்தான் மூச்சு கேட்டது. மின்விசிறிச் சத்தம் இல்லாததால் கேட்டது. பதினோரு பிள்ளைகளும் ஒன்றாக மூச்சை இழுத்தன. ஒன்றாக விட்டன. ஒரே ஆள் தூங்குகிற மாதிரி, ஒரு பெரிய ஆள், அறை நிறையப் படுத்துக்கொண்டு. அவன் தன் மூச்சை அடக்கினான். அதுவும் நின்றது. அவன் விட்டான், அதுவும் விட்டது. எபனேசர் நகராமல் உட்கார்ந்திருந்தான். தற்செயல், என்றான் மனசுக்குள். இரண்டாம் தடவை அடக்கிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

தங்கச்சி நினைப்பு வரும் என்று அவனுக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு நேரம் கயிறு, கொக்கி, வக்கீல் என்று சுற்றிச் சுற்றி வந்தான். வந்துவிட்டது, இனி என்ன செய்ய. அப்பா மனந்திரும்பிச் சபையில் சேர்ந்த வருஷம் எபனேசருக்கு ஏழு வயசு, அப்போது அவன் பேர் எபனேசரும் இல்லை. மொத்தக் குடும்பத்தையும் கடலுக்குக் கூட்டிப்போய் ஞானஸ்நான முழுக்கு கொடுத்தார்கள். முழுக்குக்கு முந்திக் கரையில் நிற்க வைத்து, சபைக்காரர் ஒருவர் கத்தரிக்கோலால் எல்லோர் கயிற்றையும் அறுத்தார். கத்தரியின் முனை வயிற்றில் பட்டபோது ஜில்லென்று இருந்தது. அறுந்ததும் வயிறு திறந்துகொண்ட மாதிரி ஒரு உணர்ச்சி, டவுசர் நழுவிவிடும் என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே கடலுக்குள் இறங்கினான், எல்லோரும் சிரித்தார்கள். தங்கச்சிக்கு மூன்று வயசு. அவளைத் தூக்கிக்கொண்டு அம்மா பின்னால் நின்றாள், கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. மூன்றாவது வாரம் காய்ச்சலில் அவள் போய்விட்டாள். குளிப்பாட்டும்போது பாவாடைக்குள் கயிறு இருந்தது. அம்மா அறுக்கவிடாமல் ஒளித்து வைத்திருந்தாள். அப்பா அதைப் பார்த்தார், எல்லோர் முன்னாலும் பார்த்தார், 'இதனாலதான்' என்றார். ஒரே வார்த்தை. அன்றைக்கு ராத்திரி தொடங்கி எத்தனையோ வருஷம் அம்மா எபனேசரின் இடுப்பைப் பார்ப்பாள், கயிறு இல்லாத இடத்தை, நீ மட்டும் எப்படி இருக்கிறாய் என்று கேட்கிற மாதிரி. கயிறு இருந்ததால் செத்தாளா. ஒளித்துக் கட்டியதால் செத்தாளா. காய்ச்சலால் செத்தாள், மூளைக்காய்ச்சல், டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு இன்னமும் பெட்டியில் இருக்கிறது. இருந்து என்ன. சீட்டை நம்புகிறவன் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டான். இவன் கடற்கரைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது விசுவாசத்தால் இல்லை. இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை, தன்னிடமும் சொன்னதில்லை, இப்போது பாய்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு முதல்முறையாகச் சொன்னான். நம்பாதவன் இடுக்கி வைத்துக்கொள்ள மாட்டான்.

போன் அடித்தது. அதற்கும் யாரும் எழவில்லை. வராந்தாவுக்கு ஓடி வந்து எடுத்தான். சுகிர்தா. பின்னால் பஸ் இரைச்சல் கேட்டது. 'அத்தான், நல்லபடியா முடிஞ்சிட்டு. அண்ணாச்சி சட்டத்தை எடுத்துச் சொன்னாவ, பெரிய ஆபீசரு தலையாட்டிட்டாரு. அந்த அம்மா மட்டும் நேர்ல ஒருக்கா பாக்கணுங்கா. நாலு மணிக்குக் கயிறு திரும்பப் போறதைக் கண்ணால பாத்துட்டா எழுதிக் குடுத்துருவாளாம், அதோட முடிஞ்சுது. ஜீப்புல எங்க கூடயே வாரா. பிள்ளைய எல்லாம் எழும்பிட்டாவளா?' அவன் சொன்னான். பலகை விழுந்ததைச் சொன்னான், ஆறு கயிற்றைச் சொன்னான், சூட்டையும் மூச்சையும் சொல்லவில்லை. 'அந்தக் கொக்கிய நான் போன மாசமே சொன்னேன்லா' என்றாள். 'இப்ப அதையா பேசணும்?' 'சரி விடுங்க. ஆணிக்கு ஒண்ணா மாட்டிருங்க.' 'எதை எதுல?' 'எதையாவது எதுலயாவது. ஆறும் ஒண்ணுபோலத்தான இருக்கு. அவளுவளுக்கே தெரியாது.' 'பிச்சையோட கயிறு…' 'அத்தான். வெறும் நூலுன்னு ஊரெல்லாம் சொன்னது ஆரு? நீங்கதான? நானா சொன்னேன்?' போன் கை மாறியது. அண்ணாச்சி குரலைத் தாழ்த்திப் பேசினார், ஆபீசர் பக்கத்தில் இருந்திருப்பாள். 'வே, எபி. நான் சொல்லுததை மட்டும் செய்யும். ஆணிக்கு ஒண்ணு மாட்டும். வாயைத் திறக்காதேயும். பெத்தவளுவ எடுத்துக் கட்டுவாளுவ, ஆபீசரம்மா கையெழுத்துப் போடுவா, சோலி முடிஞ்சிட்டு. பொய் சொல்லச் சொல்லல, சும்மா இரும்னு சொல்லுதேன். ரெண்டும் வேற வேற.' 'அண்ணாச்சி, கர்த்தர் சமூகத்துல…' 'கர்த்தரை நான் பாத்துக்கிடுதேன். நீரு ஆணியைப் பாரும். இன்னைக்கு அனுமதி போச்சுன்னா நாளைக்கு இந்தப் பதினோரு பிள்ளையும் எங்க கிடக்கும்னு யோசியும்.' வைத்துவிட்டார். அவர் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் கொடுமை. கட்டில் கால், சேலை, வெளியே பூட்டு.

பலகையைச் சுவரில் சாய்த்து நிறுத்தினான். ஆறு ஆணியும் வெறுமையாக இருந்தன. ஒரு கயிற்றை எடுத்து மாரிச்செல்வி என்று எழுதிய ஆணியிடம் கொண்டுபோனான், கை பிச்சையின் ஆணிக்குப் போனது, மறுபடி மாரிச்செல்விக்கு வந்தது. அங்கேயும் இங்கேயுமாக எத்தனை தடவை என்று தெரியாது. ஆறில் ஒன்று சரியாக இருக்க வாய்ப்பு இருக்கிறது. ஆறில் ஐந்து தப்பாக இருக்க வாய்ப்பு இருக்கிறது. கணக்கில் அவன் எப்பவும் மோசம். உள்ளே சத்தம் கேட்டது, பாய் சரசரக்கிற சத்தம், திரும்பிப் பார்த்தான். பதினொன்றும் எழுந்து உட்கார்ந்திருந்தன. எப்போதும் ஒன்று எழுந்து அழும், அந்த அழுகையில் அடுத்தது எழும், கால் மணி நேரம் அமளி நடக்கும். இன்றைக்கு எல்லாம் ஒன்றாக எழுந்து அவரவர் பாயில் உட்கார்ந்து அவனையே பார்த்தன. அழவில்லை. அம்மா எங்கே என்று கேட்கவில்லை. அந்த ஆறு மட்டும் வலதுகையைச் சட்டைக்குள் விட்டு இடுப்பில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தன, எதையோ தேடுகிற மாதிரி, அல்லது ஏதோ இருக்கிறதா என்று சரிபார்க்கிற மாதிரி. 'என்ன மக்கா?' என்றான். 'தண்ணி வேணுமா?' பிச்சை அவன் கையைப் பார்த்தான். கயிறு இருந்த கையை. பார்த்துவிட்டு, மூக்கில் ஓட்டை போட்ட அந்த முகத்தை, மெதுவாக, ஜன்னல் பக்கம், கடல் இருக்கிற பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் செய்த மாதிரி. அப்படியே அவன் செய்த மாதிரி. எபனேசருக்கு வயிறு திறந்துகொண்டது.

நாலு மணிக்கு வெளியே இறால் வாடை வந்தது, பேச்சு வந்தது, கேட் திறக்கிற சத்தம் வந்தது. முத்துப்பேச்சிதான் முதலில், எப்போதும் அவள்தான் முதலில், ஓடி வருவாள். மற்றவர்கள் பின்னால் சிரித்துக்கொண்டு வந்தார்கள், 'ஏட்டி பேச்சி, ஒம்மவனை எவனும் தூக்கிட்டுப் போயிர மாட்டான், மெதுவாப் போ' என்று ஒருத்தி கத்தினாள். தெருமுனையில் ஜீப் நின்றது. ஆபீசரம்மா இறங்கினாள், அவள் பின்னால் சுகிர்தா, ரிஜிஸ்டரை நெஞ்சோடு அணைத்தபடி, அண்ணாச்சி வேட்டியைச் சரிசெய்தபடி. முத்துப்பேச்சி படியேறி பலகையைப் பார்த்தாள். சுவரில் இல்லை, தரையில் நிற்கிறது. பிச்சை என்று எழுதிய ஆணியைப் பார்த்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு இருந்த இடத்திலேயே உறைந்தது.

'அண்ணே, எங்க?'

எபனேசர் கையை நீட்டி விரித்தான். உள்ளங்கையில் ஆறும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. 'விழுந்துட்டும்மா. கலந்துபோச்சு. இதுல எது யாருதுன்னு எனக்குத் தெரியல. நான் ஒரு நாளும் பாத்ததில்ல.'

'வே!' என்றார் அண்ணாச்சி, ஆபீசரின் முதுகுக்குப் பின்னாலிருந்து. சுகிர்தா கண்ணை மூடிக்கொண்டாள். ஆபீசரம்மா பையைத் திறந்து பேனாவை எடுத்தாள், எழுதவில்லை, முத்துப்பேச்சியையே பார்த்தாள்.

முத்துப்பேச்சி கயிற்றைப் பார்க்கவில்லை, அவன் கையைப் பார்த்தாள். 'கையாலயா எடுத்திய?' என்றாள், ரொம்ப மெதுவாக. அவன் தலையாட்டினான். அவள் குனிந்தாள். வெளுத்துச் சுருங்கிய ஒரு விரலை முதல் கயிற்றின் மேல் கொண்டுவந்தாள், தொடவில்லை, இரண்டாவதுக்குப் போனாள், மூன்றாவதுக்கு, மறுபடி முதலாவதுக்கு. அந்த விரல் எதன்மேலும் இறங்கவில்லை. மேற்கே பொழுது பனைமட்டத்துக்கு வந்திருந்தது. உள்ளே பதினொன்றும் மூச்சை இழுத்துப் பிடித்திருந்தன.

ஆணிக்கு ஒன்று மாட்டச் சொன்னார்கள், வாயைத் திறக்காதே என்றார்கள். இரண்டையும் அவன் செய்யவில்லை.